பத்து நாற்பதுக்கு வரும் வாசனை

கமியுனோ
2023 அக்டோபர் 3

தக்கனோரிக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். இலை சிவந்ததா, குளிர் தொடங்கியதா என்று. எனக்கு மனமில்லை. சிவந்தால் நீயே வந்து பார்த்துக்கொள்.

நான் நகராட்சியில் கொடுத்த புகாருக்கு உன் அறிக்கை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, ஊருக்கு வந்தது. தெருச் சங்கத்தின் சுற்றுப் பலகையில் செருகி வீடு வீடாக அனுப்பியிருக்கிறார்கள். படித்துவிட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுப்பதுதானே வழக்கம். இடப்பக்கத்து வீட்டிலிருந்து என் வீட்டைத் தாண்டி நேராக வலப்பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. இருபத்தாறு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், பலகை என் வாசலைத் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை. வலப்பக்கத்து வீட்டுக்காரி வேலிமேல் வைத்திருந்ததை எடுத்துப் படித்தேன். "முரோத்தா சலவைக்கூடத்தின் எல்லையில் எடுத்த காற்றின் வாசனை அளவு சட்ட வரம்புக்குள் உள்ளது." கீழே உன் பெயர், உன் சிவப்பு முத்திரை.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதியை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. தினமும் காலை பத்து நாற்பதுக்கு உலர்த்தும் இயந்திரங்களின் புகைவழியைத் திறப்பார்கள். அன்றும் திறந்தார்கள். இனிப்பும் கனமுமாக அந்தக் கஸ்தூரி நெடி வந்து மண்டையில் இறங்கியது. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து, "இப்போ வருதுடா, இப்போ பிடிடா!" என்று கத்தினேன். நீ கையில் காற்றுப் பிடிக்கும் பையை வைத்துக்கொண்டு, நகராட்சிக்காரர்களுக்கு முன்னால், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வேலை நடக்குது" என்றாய். அக்கா என்று வாயில் வரவில்லை, அம்மா! யாரோ மீன் விற்க வந்தவளிடம் சொல்வதுபோல. பிறகு பதினொன்று ஐம்பதுக்கு, எல்லாம் காற்றோடு போனபிறகு, பையை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அக்காவுக்குச் சாதகமாக எழுதினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று பார்த்தாய். வரவில்லை, நிம்மதியாக இரு.

உன் அத்தானுக்கு இப்போது வாய் நீண்டுவிட்டது. இரண்டு வருடமாக, "எனக்கு ஒண்ணும் வரலையே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது, "உன் தம்பியே சொல்லிட்டான், இனிமேயும் என்ன?" என்கிறார். நவம்பர் 26 சங்கக் கூட்டத்தில் சலவைக்கூட முதலாளி முரோத்தாவுக்கு நான் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். அத்தான் வாசகம் எழுதி வைத்துவிட்டார். நான் முத்திரை குத்துவதுதான் பாக்கி.

போன் செய்யாதே. எடுக்கமாட்டேன்.

யொரிகோ

*

நீகாட்டா
அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை விட்டு வானம் வெளுத்திருக்கிறது. அங்கே காலையில் குளிர் தொடங்கியிருக்கும். (நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன், பழக்கம் விடவில்லை.)

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "அம்மா" என்று சொன்னது தவறு. நகராட்சிக்காரர்கள் பக்கத்தில் நின்றார்கள். நீ என் அக்கா என்று அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தேன், "சின்ன ஊர், யாருக்கு யார்தான் சொந்தமில்லை, நீங்களே வாங்க" என்றார்கள். அதனாலேயே விறைப்பாக இருந்துவிட்டேன்.

ஆனால் அறிக்கையில் தவறு இல்லை. எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், நீ ஒருமுறை முழுவதும் கேட்டதில்லை. வாசனை அளப்பவன் அந்த இடத்தில் நின்று முகர்ந்து, அதிகமாக வரும் நேரம் பார்த்துப் பையில் காற்றைப் பிடிக்க வேண்டும். அந்தக் காற்றைச் சுத்தக் காற்றில் கலந்து மெல்ல மெல்ல நீர்க்க வைப்போம். ஆறு பேர் முகர்வார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று பைகள், ஒன்றில்தான் வாசனை இருக்கும், எது என்று சொல்ல வேண்டும். எந்த அளவில் ஒருவர் தடுமாறுகிறாரோ அதுதான் அவருடைய எண். ஆறு எண்களில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் நீக்கிவிட்டு, மீதி நான்கின் சராசரியை எழுதுவோம். இதில் அக்கா தம்பிக்கு இடமே இல்லை.

அன்று மூன்று மணி நேரம் அங்கே நின்றேன். ஈரத்துணி, நீராவி, கொதிகலன் எண்ணெய், இவைதான் வந்தன. பதினொன்று ஐம்பதுக்கு எண்ணெய் வாடை கொஞ்சம் கூடியது, பிடித்தேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எனக்கும் மூக்குத் தேர்வு உண்டு. ரோஜா, கருகிய சர்க்கரை, வியர்த்த காலுறை, பீச் பழம், மலம் என்று ஐந்து வாசனைகள். பதினெட்டு வருடத்தில் ஒன்றிலும் தவறியதில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்த நெடியால் வருகிறது என்று நீ சொல்லும் தலைவலிக்கு வேறு காரணம் இருக்கலாம். ஒரு நல்ல மருத்துவரைப் பாரேன்.

தக்கனோரி

*

கமியுனோ
அக்டோபர் 16

தக்கனோரிக்கு,

பார்த்தாயிற்று. நீ எழுதுவதற்கு முன்பே உன் அத்தான் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மருத்துவர் மூக்கைப் பார்க்கவில்லை, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார். தேக்கரண்டி வைக்கும் இழுப்பறையில் கிடக்கிறது.

உன் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு மூக்கில் எது ரொம்ப முகர்கிறதோ அதை முதலில் தூக்கி எறிவீர்கள். நானே அந்த ஆறில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாலும் என்னைத்தான் எறிந்திருப்பாய். நம் ஊர்ச் சங்கமும் அப்படித்தான் செய்கிறது, அதற்கு உன்னைப்போல உரிமம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முந்தாநாள் தோஃபு கடையில் நின்றேன். சலவைக்கூடத்தில் மடிப்பு வேலை செய்கிற இரண்டு பெண்கள். ஒருத்தி சிரிக்காமல் கேட்கிறாள், "யொரிகோ-சான், இன்னைக்கு என்ன வாசனை?" மற்றவள், "ஏய் சும்மா இருடி, அவங்க தம்பிக்கே வராத வாசனை அவங்களுக்கு வருது, பெரிய மூக்கு" என்றாள். கடைக்காரரும் சிரித்துவிட்டார். தோஃபுவை வாங்காமல் வந்துவிட்டேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்று பத்து நாற்பதுக்கு ஜன்னல் பக்கம் நின்றேன். வந்தது. வந்ததா, வரும் என்று நான் நினைத்ததால் வந்ததா? இருபத்தாறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன் பக்கத்தில் நின்று, "ஒண்ணுமில்லையே" என்று காற்றை இழுத்து விடுகிறார். அவருடைய முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை. அப்படியென்றால் கோளாறு என் தலையில்தான்.

26ஆம் தேதி முத்திரை குத்திவிடுகிறேன். மாத்திரையையும் போட்டுக்கொள்கிறேன். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

யொரிகோ

*

நீகாட்டா
நவம்பர் 2

அக்கா,

முத்திரை குத்தாதே. இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்கும்வரை எதிலும் குத்தாதே.

எங்களிடம் முகர வருகிறவர்களை வைத்து, பல்கலைக்கழகத்திலிருந்து ஓகினோ என்ற பெண் ஆய்வாளர் ஒரு சோதனை நடத்துகிறார். கோடையிலேயே மரபணு பார்க்க எல்லோருடைய எச்சிலையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார், என்னுடையதையும். போன சனிக்கிழமை குப்பிகளோடு வந்தார். ஒவ்வொன்றாக முகர்ந்து எழுத வேண்டும். ஏழாவது குப்பியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை.

"டாக்டர், இது காலி" என்றேன்.

"இல்ல சார், இன்னொரு தடவை பாருங்க."

"பதினெட்டு வருஷமா இதுதான் என் பொழப்பு. காலிக் குப்பியக் குடுத்துட்டுப் பாருங்கன்னா என்ன பாக்கறது?"

பக்கத்தில் ஹன்சாவா-சான் உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் முகர வருகிற இல்லத்தரசி. மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறார், "ஐயோ, மூடுங்க சார், தாங்கல. ரூமே நாறுது." ஆறு பேரில் நான்கு பேர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். நானும் இன்னொருவரும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குப்பியில் இருந்தது, துணியைக் கடைசியாக அலசும்போது சேர்க்கும் திரவத்தில் போடுகிற ஒருவகைச் செயற்கைக் கஸ்தூரி.

ஓகினோ விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மூக்கின் உள்ளே ஏறத்தாழ நானூறு வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் ஒரு மரபணு. அதைவிட அதிகமான மரபணுக்கள் மனிதனிடம் எப்போதோ பழுதாகி வெறுமனே கிடக்கின்றனவாம். வேலை செய்கிற நானூறிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், ஏதோ ஒரு வாசனை மட்டும் அவருக்கு மங்கிவிடும், அல்லது வரவே வராது. மற்றதெல்லாம் சரியாக இருக்கும். ரோஜாவும் பீச்சும் காலுறையும் எனக்கு நன்றாக வரும். அந்த ஐந்தை மட்டும் கேட்டால் நான் முதல் மதிப்பெண். இந்தக் கஸ்தூரிக்குரிய மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் வரும். எனக்கு இரண்டுமே மாறிய பிரதி. உனக்கு ஒன்றாவது நல்ல பிரதி வந்திருக்க வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்தாலும் இது சீட்டுக் குலுக்கல்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நாற்பதுக்கு நீ ஓடிவந்தது நினைவுக்கு வந்தது. அந்த நேரம் நான் அந்த நெடிக்கு நடுவில் நின்றுகொண்டு, இன்னும் வரவில்லையே என்று காத்திருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்டம்பர் சோதனையின் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். நான் பதினொன்று ஐம்பதுக்குப் பிடித்த பையிலும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. ஹன்சாவா-சான் எல்லோரும் கைவிட்ட பிறகும் சரியான பையைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். குறிப்பில் "புதுத் தலையணை உறை வாசனை" என்று எழுதியிருக்கிறார். அவருடைய எண்தான் மிக அதிகம். விதிப்படி நான் நீக்கிவிட்டேன்.

அறிக்கையைத் திரும்பப் பெறப் போகிறேன். மேலாளர் குதிக்கிறார். "உப்பு தெரியாத சமையல்காரன்னு நீயே நெத்தியில எழுதி ஒட்டிக்கிறியா? அப்புறம் யாருய்யா நம்மளக் கூப்பிடுவாங்க?" என்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. போகட்டும்.

உன் தலையில் ஒரு கோளாறும் இல்லை, அக்கா. கோளாறு என் மூக்கில்.

தக்கனோரி

*

கமியுனோ
நவம்பர் 8

அடேய் மூக்கா,

சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. காலிக் குப்பி என்று ஒரு டாக்டரிடம் சண்டை போட்டிருக்கிறாய்! பிறகு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அடுப்பில் சோயா கொதித்துப் பொங்குகிற வரை அழுதேன். எனக்குப் பைத்தியம் இல்லை. இதை வாயால் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை.

அக்காமேல் பரிதாபப்பட்டுக் கதை கட்டவில்லையே? நீ கட்டமாட்டாய், உனக்குக் கற்பனை கிடையாது.

மாலையில் அத்தான் வந்ததும் உன் கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். "அப்ப உங்களுக்கும் தம்பி மாதிரிதான், அந்த மரபணு இல்ல போல" என்றேன். எனக்கு அன்று யார்மேலும் கோபம் இல்லை. "அப்படியா" என்றார். பிறகு தான் வேலை செய்யும் விடுதியின் வண்டியைக் கழுவ வேண்டும் என்று வெளியே போனவர் இரண்டு மணி நேரம் கழுவினார். முந்தைய நாள்தான் கழுவியிருந்தார். இத்தனை நாள் என்னைச் சந்தேகப்பட்டோமே என்ற வருத்தமாக இருக்கும். பாவமாக இருந்தது, மீன் பொரித்து வைத்தேன்.

ஆனால் கடிதம் மட்டும் போதாது. நிஷிவாகி, அதுதான் சங்கத் தலைவர், "தம்பி அக்காவக் காப்பாத்த மாத்திப் பேசறான்" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். 26ஆம் தேதி நீ வா. அந்தக் கஸ்தூரியையும் கொண்டு வா. ஊரே முகரட்டும்.

யொரிகோ

*

நீகாட்டா
நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் கூடியிருக்கிறது, கழுத்தை மூடிக்கொள். வருகிறேன். ஓகினோ காகிதப் பட்டைகள் செய்து தருகிறார்.

நடைமுறை இதுதான். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட மூன்று பட்டைகள். ஒன்றில் மட்டும் கஸ்தூரி. முகர்ந்த பிறகு எல்லோரும் கண்ணை மூட வேண்டும். நான் எண்ணைச் சொல்லும்போது, எந்தப் பட்டையில் வந்ததோ அதற்குக் கையைத் தூக்க வேண்டும். எதிலும் வராதவர்கள் தூக்க வேண்டாம். குருட்டாம்போக்கில் சொல்லியும் சரியாகிவிடலாம் என்பதால் மூன்று சுற்று நடத்துவேன். மூன்றிலும் சரியாகச் சொன்னவர்களை மட்டும்தான் எண்ணுவேன்.

கண்ணை மூடச் சொல்வது எதற்கு என்று நிஷிவாகி-சான் கேட்டால், வாசனையில் கவனம் நிற்க என்று சொல்லிவிடு. உண்மையான காரணம் உனக்கே தெரியும். நம் ஊரில் பக்கத்து ஆளின் கை எழும்பினால்தான் அடுத்த கை எழும்பும்.

நீ சோதனையில் உட்காரக் கூடாது. தேநீர் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொள்.

தக்கனோரி

*

நீகாட்டா
நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கத்துக்கு அனுப்பும் குறிப்பின் நகலை இணைத்திருக்கிறேன். வந்தவர்கள் முப்பத்தொன்று. மூன்று சுற்றிலும் சரியாகச் சொன்னவர்கள் பதினேழு. வராதவர்கள், தடுமாறியவர்கள் பதினான்கு.

முரோத்தாவின் கை ஒருமுறைகூட எழும்பவில்லை. அவருக்கும் என்னைப்போல வராது. கண்ணைத் திறந்து எண்ணிக்கையைக் கேட்டதும் அவருடைய முகம் வெளுத்துவிட்டது. "வாசன பத்தலன்னு நான்தான் போன வருஷம் அளவக் கூட்டச் சொன்னேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாரே, அதற்குத் தைரியம் வேண்டும். திரவத்தை மாற்றுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு ஊரிலிருந்து வேறு ஆள் வந்து மறுபடி அளப்பார். தோஃபு கடையில் உன்னைக் கேலி செய்த பெண் வாசலில் என்னிடம் வந்து, "எங்களுக்கும் வரும் சார். நிபுணரே வாசன இல்லன்னு எழுதிட்டாரேன்னு வாய மூடிக்கிட்டோம்" என்றாள். நான் குனிந்து வணங்கினேன். வேறென்ன செய்ய?

உன் மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி இனி யாரும் பேசமாட்டார்கள்.

ஆனால் நீ மூன்றாவது சுற்று முடிந்ததும் தேநீர்த் தட்டை மேடையில் வைத்துவிட்டு வெளியே போனாய். நான் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை. நான் வண்டி ஏறும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் கண் திறந்திருந்தது நாம் இருவர் மட்டும்தான். நான் பெயர்களைக் குறிக்கவில்லை, இருக்கை எண்ணும் எண்ணிக்கையும் மட்டும்தான். குறிக்கவும் மாட்டேன். நீ பார்த்ததைப் பற்றி நீயாகச் சொல்லாமல் கேட்கமாட்டேன்.

தக்கனோரி

*

கமியுனோ
டிசம்பர் 2

தக்கனோரிக்கு,

நீயும் பார்த்தாய் என்று தெரியும். எண்ணைச் சொல்லும்போது உன் குரல் ஓரிடத்தில் இறங்கியது.

முதல் சுற்றில் மூன்றாம் பட்டைக்கு அத்தானின் கை எழும்பியது. சும்மா ஒன்றுக்குத் தூக்கியிருக்கிறார் என்று நினைத்தேன், நீ எழுதியிருந்தாயே, குருட்டாம்போக்கு என்று. இரண்டாம் சுற்றில் ஒன்றுக்கு. பாதிக் கூடம் அதற்குத்தான் தூக்கியிருந்தது, அதுவும் சரி. தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். மூன்றாம் சுற்றில் வேண்டிக்கொண்டேன், தப்பாகச் சொல்லட்டும், தடுமாறட்டும் என்று. நீ "இரண்டு" என்றாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி, எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினார். உன் பதினேழில் ஒன்று அவர்.

நான்கு நாள் கேட்கவில்லை. நேற்றுக் காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "உங்களுக்கு வரும், இல்ல?"

சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வரும்."

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே."

"தலவலிக்குதுன்னு நான் சுருண்டு கெடந்தப்பவும்?"

"ம்."

"டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனப்பவும்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப அங்க மட்டும் எதுக்குக் கையத் தூக்கினீங்க? சும்மா இருந்திருக்கலாமே?"

"சோதனையில பொய் சொல்ல வரல, யொரிகோ."

வீட்டில் மட்டும் பொய் சொல்ல வந்ததே என்று கேட்டேன். அப்புறம் சொன்னார், "நீ ஒருத்தி சொன்னா அது உன் பிரச்சினை. நானும் சொன்னா அது நம்ம வீட்டுப் பிரச்சினை ஆயிடும். விடுதித் துணியெல்லாம் முரோத்தாகிட்டதான் போகுது. அவனோட ஒண்ணாப் படிச்சேன். ஊரோட ஒத்துப் போயிடலாம்னு பாத்தேன்." அழுதார். மன்னிப்பும் கேட்டார், தரையில் நெற்றி படக் குனிந்து. கெட்ட மனுஷன் இல்லை, உனக்கும் தெரியும். நான் படுத்திருந்தால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்தான்.

உன்மேல் எனக்கு இப்போது கோபமே இல்லை. உன் மூக்கில் இல்லாததற்கு நீ என்ன செய்வாய்? இல்லை என்று தெரிந்ததும் பொழைப்பைப் பணயம் வைத்து ஊர் நடுவில் நின்று சொன்னாய். அவரை எந்தக் கணக்கில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் நின்று, எனக்குப் பைத்தியமோ என்று அவர் முகத்தைப் பார்த்தபோது, அவரும் அதே நெடியை இழுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லையே" என்றாரே. எத்தனை நாள், எத்தனை தடவை. அதை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

நேற்றிலிருந்து அவர் பேச்சு எதையும் நம்ப முடியவில்லை. குளிக்கத் தண்ணீர் சூடாக இருக்கிறது என்கிறார், நான் போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபது பேருந்தில் வருகிறேன். ஒரு பெட்டிதான். எத்தனை நாள் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நிறுத்தத்துக்கு வந்து நில்.

யொரிகோ